செஞ்சு பாத்தியா?

இன்று காலை எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் சின்ன அத்தை ஒரு படம் அனுப்பியிருந்தார். நாலு ரோஜாப்பூ, இரண்டு குத்துவிளக்கு, நடுவே 'அந்தக் காலத்து அற்புத வீட்டுக் குறிப்புகள்' என்று தலைப்பு. அதில் ஏழாவது குறிப்பு இது: சூடு பட்ட இடத்தில் உடனே இட்லி மாவைப் பூசினால் கொப்புளம் வராது, தழும்பும் நிற்காது. கீழே ஒன்பது பேர் கும்பிட்டிருந்தார்கள்.

நான், "செஞ்சு பாத்தீங்களா அத்தை?" என்று எழுதினேன்.

கொஞ்ச நேரத்தில் தம்பி தனியாகப் போன் பண்ணி, "ஏன்க்கா, விடிஞ்சதும் விடியாததுமா வம்புக்கு நிக்க?" என்றான். அது என் வம்பு இல்லை, இரவல் வாங்கியது என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

வாங்கியது கோவில்பட்டியில். கல்யாணமான புதிதில் நாங்கள் அங்கே ஒரு வளவில் குடியிருந்தோம். ஒரே முற்றத்தைப் பார்த்தபடி ஆறு வீடு, எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய், ஒரு வாசல் கதவு. என் வீட்டுக்காரர் பசுவந்தனைப் பக்கம் பள்ளிக்கூட வாத்தியார். நான் தாமிரபரணிக் கரையில் பிறந்தவள். எங்கள் வீட்டில் பின்வாசலைத் திறந்தால் படித்துறை. குளிப்பது, துவைப்பது, பாத்திரம் விளக்குவது எல்லாம் ஆற்றில்தான். குடிக்க மட்டும் குடத்தில் வீட்டுக்கு வரும். அப்படி வளர்ந்தவளைக் கொண்டுபோய், எட்டு நாளைக்கு ஒருதரம், கோடையில் பத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஒருதரம் குழாயில் தண்ணீர் வரும் ஊரில் வைத்தால் என்ன ஆகும்? நான் எரிச்சலிலேயே இருந்தேன். இப்போது சொல்வதில் வெட்கமில்லை. அந்த ஊரையே எனக்குப் பிடிக்கவில்லை. அதிலும் எங்கள் அடுத்த வீட்டு அம்மாவைப் பிடிக்கவே இல்லை.

அவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கலாம். ஒல்லி, உயரம். பேசும்போது இடது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வலது கையால் மட்டும் பேசுவார். வீட்டுக்காரர் தீப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போகும் லாரியின் டிரைவர், மாதத்தில் இருபது நாள் ஊரில் இருக்க மாட்டார். மகன் வெளியூரில் தங்கிப் படித்தான். உள்ளறையில் மாமியார் படுத்த படுக்கை. வளவில் எல்லாரும் அவரை மைனி என்றுதான் கூப்பிட்டார்கள். அண்ணன் பெண்டாட்டியைக் கூப்பிடுகிற முறை அது. நானும் அப்படியே கூப்பிட்டேன், பிடிக்காவிட்டாலும் முறை முறைதானே.

முதல் சண்டை ஒரு ஐப்பசி மழையில் வந்தது. என் வீட்டுக்காரர் கரிசல் ரோட்டில் வண்டியோடு சறுக்கி, வெள்ளை வேட்டி முழங்கால் வரை கறுப்பாகத் திரும்பி வந்தார். நான் உடனே முற்றத்தில் உட்கார்ந்து அலச ஆரம்பித்தேன். ஒரு வாளி ஊற்றினேன், கறை இரண்டு மடங்கானது. இரண்டாவது வாளியில் வேட்டி முழுக்கச் சாம்பல் நிறம். மூன்றாவது வாளியைத் தூக்கும்போது பக்கத்து வாசலில் இருந்து குரல் வந்தது.

"ஏட்டி, கீழ வை. அத அப்பிடியே கொடியில போடு. காயட்டும்."

"காஞ்சா கறை பிடிச்சிராதா மைனி?"

"கரிசல் ஈரத்துல பேயி, காஞ்சா பிள்ள. நாளைக்கு நல்லா உதறு. பொடிப்பொடியா உதுந்துரும். பெறகு அர வாளி போதும்."

"எங்க ஊர்ல அலசுனாத்தான் அழுக்குப் போகும்."

"உங்க ஊர்ல ஆறுல்லா அலசுது. நீயா அலசுத?"

முற்றத்தில் நாலு பெண்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து எனக்கு அந்த வளவில் 'ஆத்தங்கரைக்காரி' என்று பெயர். வேட்டியைப் பிடிவாதமாக மூன்றாவது வாளியிலும் அலசினேன். அது கடைசி வரைக்கும் வெளுக்கவில்லை, அடுப்படித் துணியாகத்தான் போனது. அடுத்த வாரம் இன்னொரு வேட்டி அதேபோல வந்தது. மைனி சொன்னபடி யாருக்கும் தெரியாமல் உள்ளறையில் காயப்போட்டு, மறுநாள் கதவைச் சாத்திக்கொண்டு உதறினேன். உதிர்ந்தது. அரை வாளிதான் பிடித்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் மைனி குப்பைக்கூடையைப் பார்த்துவிட்டு, "உள்ளறையில கரிசமண்ணு எப்பிடிட்டி வந்துது?" என்று மட்டும் கேட்டார்.

அவரிடம் இரண்டு பதில் உண்டு. வீட்டு விஷயத்தில் எதைக் கேட்டாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் வரும். ஒன்று, "செஞ்சு பாத்தேன்." மற்றது, "சொல்லுதாவ. நான் செஞ்சு பாக்கல." இரண்டாவது பதில் வந்தால் அந்தக் குறிப்பு இன்னும் பரீட்சையில் இருக்கிறது என்று அர்த்தம். அவர் வீட்டு அடுப்படியில் மேல்தட்டு பூராவும் சின்னச் சின்னப் பால்பவுடர் டின்கள். ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் ஒரு எழுத்து. ஒரு டின்னில் உளுந்தோடு வேப்பிலை, ஒன்றில் உளுந்தோடு வத்தல் மிளகாய், ஒன்றில் விளக்கெண்ணெய் புரட்டிக் காயவைத்த உளுந்து, ஒன்றில் வெறும் உளுந்து. எதற்கு வெறும் உளுந்து என்று கேட்டேன்.

"ஒண்ணுமே போடாட்டி என்ன ஆவுதுன்னு தெரியாண்டாமா? அப்பந்தான மத்தது வேல செஞ்சுதான்னு தெரியும்?"

ஆடி கழிந்து டின்களைத் திறந்தபோது வளவே கூடிவிட்டது. விளக்கெண்ணெய் புரட்டியது முத்து மாதிரி இருந்தது. வேப்பிலைக்குப் பாதி மதிப்பெண். மிளகாய் டின்னைக் கவிழ்த்ததும் ஒரு வத்தலை எடுத்துக் காம்பைக் கிள்ளி எங்களுக்குக் காட்டினார். உள்ளே வண்டு.

"மிளவாய் போட்டா வண்டு ஓடிப்போவும்னாவ. இங்கன பாரு, மிளவாய்க்குள்ளேயே குடும்பம் நடத்துதாவ."

குழம்பில் உப்புக் கூடினால் உருளைக்கிழங்கை வெட்டிப் போடு, உப்பை இழுத்துக்கொள்ளும் என்பார்கள் இல்லையா? அதையும் செய்து பார்த்திருந்தார். "கெழங்கும் கரிச்சுது, குழம்பும் கரிச்சுது. ஒண்ணுக்கு ரெண்டா போச்சு." சித்திரை வெயிலில் இட்லி மாவு புளிக்காமலிருக்க வெற்றிலையைக் கவிழ்த்துப் போடச் சொல்வார்கள். ஒரே மாவை இரண்டு சட்டியில் ஊற்றி, ஒன்றில் மட்டும் வெற்றிலை போட்டார். சாயங்காலம் எங்கள் ஆறு வீட்டுக்கும் இரண்டு சட்டியிலிருந்தும் ஆளுக்கு ஒரு தோசை வந்தது. எது எது என்று எங்களால் சொல்ல முடியவில்லை. "வெத்தலையப் போட்டு வாயச் செவக்க வச்சிருக்கலாம்" என்றார். எறும்புக்கு மஞ்சள் கோடு போட்டதைக் கேட்டால் இன்னும் சிரிப்பார்: "நலங்குக்கு நின்ன பொண்ணு மாதிரி மஞ்சளப் பூசிக்கிட்டு அந்தாக்குல கோட்டத் தாண்டிப் போச்சு."

எல்லாமே பொய் என்று சொல்லிவிடுகிற ஆள் இல்லை அவர். கலங்கின தண்ணீர் வந்தால் பானையின் உட்புறத்தில் தேத்தான்கொட்டையை உரசி ஊற்றி வைப்பார், கொஞ்ச நேரத்தில் மண்டி அடியில் தங்கி மேலே கண்ணாடி மாதிரி தெளிந்து நிற்கும். கரண்டு போன நாளில் பால் சட்டியை ஈர மணலில் இறக்கி ஈரத்துணியைச் சுற்றி வைப்பார், சாயங்காலம் வரை திரியாது. இதெல்லாம் 'செஞ்சு பாத்தேன்' வரிசை. ஒருநாள் கோடிவீட்டு அக்கா கொஞ்சம் கோபமாகவே கேட்டார்:

"அப்பம் பெரியவிய சொன்னதெல்லாம் பொய்யின்னு சொல்லுதீங்களா மைனி?"

"அவிய ஏன் பொய் சொல்லப்போறாவ? அவியளும் யாரோ சொல்லக் கேட்டதத்தான சொல்லுதாவ. நடுவுல யாராவது ஒருத்தி செஞ்சு பாத்தாளான்னுதான் கேக்கேன்."

இதெல்லாம் கேட்க நன்றாகத்தான் இருந்தது. தண்ணீர் விஷயத்தில்தான் அவரை என்னால் தாங்க முடியவில்லை. அவர் வீட்டில் நீல டிரம் இரண்டு, பித்தளை அண்டா ஒன்று. தண்ணீர் வரும் நாளில் துணியால் வடிகட்டி நிரப்பி, மூடி போட்டு, மூடிமேல் ஒரு செங்கல்லும் வைப்பார். அதன் பிறகு அதிலிருந்து ஒரு சொட்டு வீணாகாது. அரிசி கழுவிய தண்ணீர் பாத்திரம் ஊறவைக்க, அந்தத் தண்ணீர் முருங்கைக்கு. குளிப்பது ஒரு அகலத் தொட்டிக்குள் உட்கார்ந்து, தொட்டித் தண்ணீர் மாமியாரின் துணியை முதல் அலசு அலச. அதிலெல்லாம் குற்றம் இல்லை. ஆனால் யார் கேட்டாலும் ஒரு குடம் தரமாட்டார். "நக கேளு, கழத்தித் தாரேன். தண்ணி கேக்காத" என்று முகத்துக்கு நேரே சொல்வார்.

என் மகளுக்கு ஒரு வயது தாண்டி மூன்று மாதம் இருக்கும். அவளுக்கு வயிற்றுப்போக்கு. துணி துவைத்துத் துவைத்தே என் அண்டா வற்றிவிட்டது. குழாயில் வர இன்னும் இரண்டு நாள். கூச்சத்தை விட்டு மைனி வாசலில் போய் நின்று ஒரு குடம் கேட்டேன். அவர் உள்ளே போய் ஒரு செம்பு கொண்டு வந்தார், அதுவும் முக்கால் செம்பு. "பிள்ளைக்குக் குடிக்க வச்சுக்கோ, காய்ச்சிக் குடு. துணிய அலசாம வெயில்ல போடு, தண்ணி வரயில சேத்துப் பாத்துக்கலாம்" என்றார். நான் அந்தச் செம்பை அவர் வாசற்படியிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் எங்கேயோ சைக்கிளில் அலைந்து இரண்டு குடம் கொண்டு வந்தார். மைனியோடு அதன்பிறகு பேச்சில்லை. அவர் பேசினாலும் நான் பாத்திரத்தைச் சத்தமாக வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். இரண்டு மாதம் அப்படி ஓடியது. ஆற்றங்கரையில் பிறந்தவளுக்கு வீம்பாவது தாராளமாக இருக்க வேண்டாமா?

அது வைகாசி. குழாயில் தண்ணீர் வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது, அடுத்தது எட்டு நாளோ ஒன்பது நாளோ கழித்து. மத்தியானம் முற்றத்து ஓரம் இருந்த எங்கள் அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். பானையைச் சாய்த்துக் கஞ்சியைக் கீழே ஒரு சட்டியில் வடிய விட்டிருந்தேன். மகள் முன்வாசலில் விளையாடிக்கொண்டிருக்கிறாள் என்று நினைப்பு. புதிதாக நடை பழகியவள், சத்தமில்லாமல் என் முதுகுக்குப் பின்னால் வந்து, என் சேலையைப் பிடித்து, பிடி நழுவி, ஒரு காலைச் சட்டிக்குள்ளேயே வைத்துவிட்டாள்.

அவள் போட்ட சத்தத்தை எழுதத் தெரியவில்லை. கஞ்சி வெந்நீர் மாதிரி வழிந்து ஓடாது. ஒட்டிக்கொண்டு சுடும். முழங்காலுக்குக் கீழே பாதம் வரைக்கும் வெள்ளையாக அப்பியிருந்தது. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். ஆறு வீட்டிலும் கதவு திறந்தது. ஒவ்வொருவரும் கையில் எதையாவது எடுத்துக்கொண்டுதான் வந்தார்கள். ஒருத்தி பற்பசை, ஒருத்தி தேங்காய் எண்ணெய், ஒருத்தி கல்லுப்பு, எதிர்வீட்டு வாத்தியார் பேனா மை பாட்டிலோடு. எல்லாரும் நல்லவர்கள். எல்லாரும் என் பிள்ளைக்காகத்தான் ஓடிவந்தார்கள்.

எனக்கு என் அம்மா ஞாபகம் வந்தது. சூடு பட்டால் அம்மா மாவுதான் பூசுவாள். எங்கள் அடுப்படி ஜன்னல் மேடையில் அன்று ஆட்டிய இட்லி மாவு இருந்தது. எட்டி அதற்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளிவிட்டேன். பிள்ளையின் கால்மேல் கொண்டு போகும்போது என் மணிக்கட்டில் ஓங்கி ஒரு அடி விழுந்தது. மாவு தரையில் சிதறியது.

மைனி. அவர் கையில் மட்டும் ஒன்றும் இல்லை.

"ஒருத்தரும் ஒண்ணும் போடக்கூடாது! எண்ணெயக் கொண்டுபோ அங்கன! ஏட்டி, பிள்ளயத் தா!"

பிடுங்கினார் என்றுதான் சொல்ல வேண்டும். பிடுங்கிக்கொண்டு தன் வாசலுக்கு ஓடினார். டிரம் மூடிமேல் இருந்த செங்கல்லைக் காலால் தள்ளினார், அது முற்றத்தில் விழுந்து இரண்டாக உடைந்தது. பிள்ளையை என் மடியில் உட்கார வைத்து, காலை நீட்டிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, செம்பில் மொண்டு மொண்டு ஊற்ற ஆரம்பித்தார். கஞ்சி வழிந்து போனது. கொலுசின் திருகாணியைப் பல்லால் கடித்துக் கழற்றி எறிந்தார், வீங்கினால் இறுக்கும் என்று. நிறுத்தாமல் ஊற்றினார். செம்பு போதாமல் குடத்தில் மொண்டு மெல்லிசாகச் சாய்த்துக்கொண்டே இருந்தார்.

தண்ணீர் முற்றத்தில் ஓடியது. எனக்கு அந்த வளவில் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது, மழையில் தவிர முற்றத்தில் தண்ணீர் ஓடி நான் பார்த்ததில்லை. வைகாசி மாதத்தில், குடிக்க வைத்திருந்த தெளிந்த தண்ணீர், வாசல் கதவைத் தாண்டித் தெருவுக்குப் போனது. சுற்றி நின்றவர்கள் பிள்ளையைப் பார்ப்பதா தண்ணீரைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றார்கள்.

உள்ளறையிலிருந்து மாமியார் குரல் கொடுத்தார்: "ஏளா, எவ தண்ணிய இப்பிடி ஊத்துதா? சத்தம் கேக்குது!"

"நாந்தான் அத்தே!"

"நீயா?"

"நாந்தான், பேசாம படுங்க!"

முதல் டிரம் காலியானது. மகளின் அழுகை கொஞ்சம் விட்டு விட்டு வந்தது. போதுமா மைனி என்று கேட்டேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அது. "போதாது. உள்ள இன்னும் வெந்துகிட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டு இரண்டாவது டிரம்மின் மூடியைத் திறந்தார். அதிலும் பாதி போன பிறகுதான் நிறுத்தினார். துவைத்து மடித்து வைத்திருந்த பழைய மல்லுத் துண்டை நனைத்துக் காலில் லேசாகப் போர்த்தி, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அவரே கூட வந்தார்.

டாக்டர் துண்டை விலக்கிப் பார்த்தார். "என்ன போட்டீங்க?"

"தண்ணி" என்றேன்.

"வேற?"

"வேற ஒண்ணும் போடல சார்" என்று மைனி முந்திக்கொண்டார்.

"நல்லதாப் போச்சு. வாரவங்கல்லாம் மாவு, மை, முட்டைன்னு பூசிட்டு வாராங்க. அதச் சுரண்டி எடுக்கவே எங்களுக்குப் பாதி நாள் போயிருது." மருந்து கட்டிவிட்டு, தங்க வேண்டாம், இரண்டு நாளுக்கு ஒருதரம் வந்தால் போதும் என்றார்.

வெளியே பெஞ்சில் பிள்ளை என் தோளில் தூங்கிவிட்டது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. மைனி கொஞ்ச நேரம் அழ விட்டார். பிறகு இடது கையை முந்தானைக்குள் இருந்து எடுத்து என் முன்னால் நீட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் சுருண்டு இழுத்து, ஓரங்களில் நீலம் பாரித்து இருந்தது. இத்தனை நாள் அடுத்த வீட்டில் இருந்தும் நான் அதை முழுசாகப் பார்த்ததில்லை.

"கல்யாணமாயி மூணாம் மாசம், குழம்புச்சட்டி சரிஞ்சிட்டு. அத்த ஓடியாந்து பேனா மய ஊத்துனாவ. எங்கம்ம வந்து மாவப் பூசுனா. பக்கத்து வீட்டுல உப்பு வச்சாவ. எல்லாரும் எம்மேல உள்ள பிரியத்துலதான் செஞ்சாவ. பழுத்து, ஆறுறதுக்கு நாலு மாசம். இதெல்லாம் செஞ்சு பாத்ததுதாண்டி."

"பெறகு தண்ணின்னு யாரு சொன்னா?"

"ஒரு நர்சம்மா. அவ சொன்னான்னு உடனே நம்பிட்டனா? அப்பளம் பொரிக்கயில ஒருநா எண்ண தெறிச்சு ரெண்டு பொட்டு விழுந்துது, பக்கத்துல பக்கத்துல. சரின்னு, ஒண்ணுக்கு மாவப் பூசுனேன். ஒண்ணுக்குத் தண்ணிய ஊத்திக்கிட்டே இருந்தேன்." வலது கையைத் திருப்பி உள்மணிக்கட்டைக் காட்டினார். மிளகு அளவில் கறுப்பாக ஒரு வடு. "இது மாவு போட்டது."

"தண்ணி ஊத்துனது?"

"அது எங்கன இருக்குன்னு நீயே தேடு."

கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பித் தேடினேன். கிடைக்கவில்லை.

ஆட்டோவில் திரும்பும்போது தண்ணீர்க் கவலை என்னைப் பிடித்துக்கொண்டது. மாமியாருக்கு என்ன செய்வார்? இன்னும் எட்டு நாள் இருக்கிறதே. ஒரு செம்புக்காக இரண்டு மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவளுக்காக ஒன்றரை டிரம்மைக் கொட்டியிருக்கிறார். அந்தச் செம்பும் படுக்கையில் இருப்பவருக்கு உரியது என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. தட்டுத்தடுமாறி, "அத்தைக்குத் தண்ணி..." என்று ஆரம்பித்தேன்.

"கொழாயி எட்டு நாள்ல வந்துரும். தோலு வருமா?" என்றார்.

மறுநாள் காலையில் மைனி கதவைத் திறந்தபோது வாசலில் அஞ்சு குடம் நின்றது. யாரும் பேசி வைத்துக்கொண்டு செய்ததில்லை. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் விடியும் முன்பே கொண்டு வந்து வைத்திருந்தார்கள். எதிர்வீட்டு வாத்தியார், தன் குடத்தில் ஒரு சொட்டுகூட மையில்லை என்று அவரே வந்து சொல்லிவிட்டுப் போனார். மைனி இடுப்பில் கை வைத்துக் குடங்களைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, நான் பார்த்தேன். வாய் மட்டும் மாறவில்லை.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஒருத்திக்காவது மூடி போடணும்னு தோணலியே? கரிச்சான் குருவி வந்து குளிச்சிட்டுப் போவட்டும்னு வச்சிருக்கியளா?"

நான் கடம்பூரில் இருந்து அஞ்சு போளி வாங்கிவரச் சொல்லிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நான்கைப் பங்கு வைத்துவிட்டு ஒன்றை டின்னில் போட்டு மூடி, மேலே சாக்பீஸால் எழுதினார். எதற்கு மைனி என்றேன். "எத்தன நாளு தாங்குதுன்னு பாப்போம்" என்றார். நன்றி சொல்ல வாயெடுத்தேன். அதையும் விடவில்லை.

"இப்பச் சொல்லாத. நான் செஞ்சு பாத்ததெல்லாம் எங்கையிலதான். அதுவும் ரெண்டு பொட்டு எண்ண. பச்சப்பிள்ள காலு, அவ்வளவு கஞ்சி, இதுதான் மொதத் தடவ. ஊத்துதேன், ஊத்துதேன், இது கேக்குமான்னு உள்ளுக்குள்ள பயந்துகிட்டேதான் ஊத்துதேன். ஒரு வருசம் போவட்டும். வடு இல்லன்னா அப்பம் வந்து சொல்லு."

அவருக்கும் பயம் இருந்திருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மற்றவர்கள் எல்லாம் நம்பிக்கையோடு வந்தார்கள். அவர் பயத்தோடு வந்து, தெரிந்த ஒன்றை மட்டும் செய்தார். அதன் பிறகு அவர் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் என் மகளைத் தூக்கி வெயிலில் நிறுத்திக் காலைப் பார்ப்பார். தோல் உரிந்தது, சிவந்தது, பிறகு வெளிறியது.

ஏழாவது மாதம் வீட்டுக்காரருக்குத் தென்காசிப் பக்கம் மாற்றலாகிவிட்டது. சாமான் ஏற்றும் நாளில் மைனி கடைசியாக ஒருதரம் பார்த்தார். கணுக்காலுக்கு மேலே இரண்டு விரல் அகலம் வெளிறிய தடம் இன்னும் இருந்தது. "முடியலட்டி. இன்னுங் கெடக்கு. பெறகு சொல்லு" என்றார். ஒரு சின்ன டின்னில் தேத்தான்கொட்டை போட்டுக் கொடுத்தார். புது ஊரில் தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை, தெரிந்துதான் கொடுத்தார்.

இரண்டு முறை கடிதம் போட்டேன். அவர் எழுதுகிற ஆள் இல்லை. பின்னொரு நாள் அந்தப் பக்கம் போனபோது வளவில் வேறு ஆட்கள் இருந்தார்கள். மாமியார் தவறியதும் மகனோடு தூத்துக்குடிக்குப் போய்விட்டார்கள் என்றார்கள், விலாசம் யாருக்கும் தெரியவில்லை. சொல்ல வேண்டியது என்னிடமே நின்றுபோனது. அவரிடம் வாங்கின கேள்வியைத்தான் போகிற இடமெல்லாம் கேட்டுக் கெட்ட பேர் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

விடுமுறைக்கு வந்திருக்கும் மகள் காலையில் பல் துலக்கிக்கொண்டே போனைப் பார்த்தாள்.

"சின்னப்பாட்டிகூட என்னம்மா சண்ட? மாவுல என்ன?"

கதையைச் சொன்னேன். கஞ்சிச் சட்டி, டிரம், உடைந்த செங்கல் எல்லாவற்றையும். இதுவரை அவளிடம் முழுசாகச் சொன்னதில்லை போலிருக்கிறது. அவள் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டாள்:

"எனக்கா? எந்தக் காலும்மா?"

வாயைத் திறந்தேன். இடது என்று நினைத்தேன், பிறகு வலது என்று தோன்றியது. அன்றைக்கு உயிரே போனது போலத் துடித்தவள், அது எந்தக் கால் என்பதை மறந்திருக்கிறேன். அவளை ஜன்னல் பக்கம் நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். இடது காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வலது காலையும் பார்த்தேன். ஒரு கொசுக்கடி இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

"கூசுதும்மா, விடு. யாருக்கு இப்ப ரிப்போர்ட் குடுக்கணும்?"

விடவில்லை. இரண்டு காலையும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

"பாத்துட்டேன் மைனி" என்றேன்.